வினாவிலிருந்து பிறந்த சொல்

கடைப்பொருள்களின் உறைகளிலும் தொழிற்சாலை அறிக்கைகளிலும் இன்று நாம் காணும் 'குவாலிட்டி' என்னும் ஆங்கிலச் சொல், பிறப்பால் ஒரு மெய்யியல் கலைச்சொல். அதன் வரலாறு, கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் அறியத்தக்கது.

கிரேக்கத்தில் 'பொயோஸ்' என்பது 'எத்தகைய' எனப் பொருள்படும் வினாச்சொல். வெம்மை, வெண்மை முதலியவற்றை ஒருங்கே சுட்ட ஒரு பொதுப்பெயர் வேண்டியிருந்தது. ஆகவே, அவ்வினாச்சொல்லோடு பெயராக்க விகுதி சேர்ந்த 'பொயோத்தேஸ்' என்னும் சொல்லைப் பிளேட்டோ தம் 'தியேட்டிடஸ்' என்னும் உரையாடல் நூலில் ஆண்டார். தமிழில் அதனை 'எத்தகைமை' எனலாம். அச்சொல் கேட்போர்க்கு விந்தையாகத் தோன்றக்கூடும் என்று அந்நூலிலேயே சாக்ரட்டீஸ் கூறுகின்றார்.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர், கிரேக்க மெய்யியலை இலத்தீனில் எழுதப் புகுந்தார் சிசரோ. கி.மு. 45-இல் இயற்றிய 'அக்கடமிக்கா' என்னும் நூலில், 'குவாலிஸ்' என்னும் இலத்தீன் வினாச்சொல்லிலிருந்து 'குவாலித்தாஸ்' என்பதை ஆக்கினார். அந்நூலில் பேசும் வார்ரோ, கேளாத சொற்களை ஆள இசைவு வேண்டுகின்றார். மூலமான கிரேக்கச் சொல்லும் பொதுமக்கள் வழக்கன்று, மெய்யியலார் வழக்கே என விளக்குகின்றார். எனினும், 'பிலாசபி' போல இலத்தீனில் முன்பே வேரூன்றிய கிரேக்கச் சொற்களை அவர் விலக்கவில்லை.

சிசரோவின் சொல் பிரெஞ்சு வழியாக ஏறத்தாழ கி.பி. 1300-இல் ஆங்கிலத்தை அடைந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஜான் லாக், பொருள்களின் பண்புகளை முதல்நிலை, இரண்டாம்நிலை எனப் பகுத்தபோது இச்சொல்லையே ஆண்டார். பின்னர் அது சந்தைக்கும் வந்து, உயர்வைக் குறிக்கும் சொல்லாகவும் ஆயிற்று.

தமிழுக்கு இங்குக் கடன் தேவையில்லை. தொல்காப்பியம் பண்புத்தொகையை விளக்குமிடத்தில் வண்ணம், வடிவு, அளவு, சுவை ஆகியவற்றை எடுத்துக்காட்டுகின்றது. ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கும் இருபொருளை நாம் 'பண்பு' என்றும் 'தரம்' என்றும் பிரித்தே வழங்குகின்றோம்.

புதுச்சொல் ஒன்றை 'இது யாருக்குப் புரியும்?' என ஒதுக்குவோர் நம்மிடையே உளர். சிசரோவின் சொல்லும் பிறந்த அன்று எவர்க்கும் பழகியதன்று. தம் மொழியின் எளிய வினாச்சொல்லிலிருந்து அவர் அதனை ஆக்கினார். பின்வந்தோர் தயங்காது எழுதினர். ஆக்கிய சொல்லை நூலிலும் வகுப்பறையிலும் நாம் ஆளாவிடின், அது அகராதியிலேயே உறங்கும்.