ஆரோவில்: முதலில் வரப்பு, அப்புறம் வீடு

சில மாதங்களாக மாலை நடையில் ஒரே பேச்சு. பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து திண்டிவனம் பக்கம் நிலம் வாங்கி, மரம் வளர்த்து, சூரிய மின்சாரம் போட்டு, பொதுச் சமையலறையோடு வீடு கட்டிக்கொள்ளலாம் என்கிறீர்கள். நல்ல யோசனைதான். எல்லோரும் உதாரணமாகச் சொல்வது ஆரோவில்லை. அதன் வரலாற்றில், வங்கியில் பத்திரங்கள் பார்த்தே காலம் கழித்த எனக்கு முக்கியமாகப் படுவதை இங்கே எழுதுகிறேன்.

இன்று நீங்கள் போய்ப் பார்க்கும் காடு 1968-ல் இல்லை. புதுச்சேரிக்கு வடக்கே, வானூர் வட்டாரத்தில், மரம் இல்லாத செம்மண் மேடு அது. மழை பெய்தால் மண் ஓடைகளில் கரைந்து கடலுக்குப் போகும். அந்த வருடம் பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண் ஒரு பளிங்குத் தாழியில் இடப்பட்டு, ஸ்ரீ அன்னையின் நகரம் தொடங்கியது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் போட்ட திட்டம் 50,000 பேருக்கானது. நடுவே நகரம், சுற்றிலும் பசுமை வளையம், மொத்தம் சுமார் 20 சதுர கிலோமீட்டர்.

ஆனால் வந்து தங்கியவர்கள் முதலில் நகரம் கட்டவில்லை. கீற்றுக் கொட்டகையில் இருந்துகொண்டு வரப்பு போட்டார்கள். மழைநீர் வயலை விட்டு வெளியே ஓடாமல் அங்கேயே இறங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து கன்றுகளுக்கு ஊற்றினார்கள், ஆடு மேயாமல் வேலி கட்டினார்கள். சீக்கிரம் வளரும் அகேசியா மரங்களை முதலில் நட்டு, அந்த நிழலில் இந்தக் கடற்கரைக்கே உரிய மரங்களை வளர்த்தார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அகேசியாக்களை ஏராளமாகச் சாய்த்தபோது, அடியில் வளர்ந்த நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது.

வீடு கட்டும் முறையும் அப்படித்தான். தோண்டிய மண்ணிலேயே சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கட்டியாக்குவார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். அந்தக் கட்டியில் நான்கு தள அடுக்குமாடியே கட்டியிருக்கிறார்கள். சூரிய சமையலறையின் கூரையில் இருக்கும் 15 மீட்டர் கிண்ணத்தில் வெயிலைப் பிடித்து நீராவி எடுக்கிறார்கள். நம் மொட்டை மாடியில் துணி காயப்போட இடம் பிடிப்பதற்கே தகராறு!

சரி, பத்திரம் யார் பெயரில்? 1973-ல் அன்னை மறைந்ததும் வெடித்தது இந்தக் கேள்விதான். சொத்துகள் அரவிந்தர் சொசைட்டியின் பெயரில் இருந்தன; குடியிருந்தவர்கள் நிர்வாகம் தங்களுடையது என்றார்கள். 1980-ல் மத்திய அரசு தற்காலிகச் சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1982-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. 1988-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, சொத்துகளை ஆரோவில் பவுண்டேஷனிடம் ஒப்படைத்தது. ஒரு குடியிருப்புக்காக நாடாளுமன்றம் இரண்டு முறை சட்டம் போட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அங்கே உங்கள் பணத்தில் கட்டிய வீடும் உங்களுடையதல்ல. விற்க முடியாது, பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியாது. அடமானம் வைத்துக் கடன் வாங்கவும் வழியில்லை. நம்மிடம் இருப்பதோ நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு. அதை வைத்துத்தான் நம்மில் பலர் வீட்டுக் கடன் வாங்கினோம். இரண்டும் வேறு வேறு ஏற்பாடு.

நிலத்தையும் அவர்கள் துண்டு துண்டாகத்தான் வாங்க முடிந்தது. இடையில் இன்றும் கிராமத்தார் நிலங்கள் இருக்கின்றன. இடம் செழிக்கச் செழிக்கச் சுற்று வட்டாரத்தில் விலையும் ஏறியது. குடியிருப்போர் இன்னும் சில ஆயிரம் பேர்தான்.

2021 டிசம்பரில் திட்டத்திலுள்ள வட்டச் சாலைக்காக மரங்களை அகற்ற இயந்திரங்கள் வந்தன. குடியிருப்போரில் ஒரு பகுதியினர் குறுக்கே நின்றார்கள். 2022-ல் பசுமைத் தீர்ப்பாயம் பணிக்குத் தடை போட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மரம் நட்டவர்களுக்கும் திட்டம் வைத்திருந்தவர்களுக்கும் நடுவே, முடிவெடுப்பது யார் என்பதுதான் அங்கே தகராறு.

நிலம் பார்க்கப் போகும் நண்பர்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் என்று கட்டாயம் கேட்பீர்கள். கிரயம் யார் பெயரில், ஒரு குடும்பம் விலகினால் அதன் பங்கு யாருக்கு, எத்தனை பேர் சம்மதித்தால் தீர்மானம் என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரைவு தயாரானால் கொடுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.