குட்டை ஐரிஸ்: பெயரும் உண்மையும்

வாள் போன்ற இலைகளும், நிமிர்ந்த இதழ் மூன்றும், கவிந்த இதழ் மூன்றும் உடையது ஐரிஸ் என்னும் மலர்ச்செடி. வடநாட்டு மலைநகர்களில் வாழும் நம்மவர் பலர் இதனைக் கண்டிருப்பர். ஒரு சாண் உயரமே வளரும் குட்டை இனங்களும் இதில் உண்டு. அவற்றை வளர்ப்பதினும், இன்ன இனம் என்று அறிவதே அரிது. அவற்றின் வரலாறே இதற்குச் சான்று.

1753-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், ஐரோப்பாவின் குட்டை ஐரிஸ் ஒன்றுக்குப் 'பியூமிலா' எனப் பெயர் சூட்டினார். இலத்தீன் மொழியில் அதற்குக் குட்டை என்பது பொருள். குழப்பமும் அதனால் விளைந்தது. உயரம் குறைந்த ஐரிஸ் பலவற்றையும் தோட்டக்காரர் அப்பெயராலேயே வழங்கினர். தென் பிரான்சிலும் இத்தாலியிலும் வளரும் 'லூட்டெசென்ஸ்' என்ற வேறோர் இனமும் பியூமிலா என்றே கைமாறிற்று. ஊதா, மஞ்சள், வெண்மை ஆகிய நிறங்கள் இரண்டிலும் உண்டு. ஆதலின் நிறம் கொண்டு பிரித்தறிய இயலாது.

இத்துறையைத் தெளிவாக்கியவருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் கேம்பிரிட்ஜில் உடலியல் பேராசிரியராயிருந்த மைக்கேல் ஃபாஸ்டர். மற்றவர், 1907-இல் ஃபாஸ்டர் மறைந்தபின் அவர்தம் குறிப்புகளைப் பயன்படுத்தி, 1913-இல் ஐரிஸ் குலத்தைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட பள்ளியாசிரியர் டைக்ஸ். இருவரும் தம் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தே ஆராய்ந்தவர்கள்.

வேறுபாடு யாதெனில், மெய்யான பியூமிலாவுக்குத் தண்டு இல்லையென்றே கூறலாம். மலரை உயர்த்துவது நீண்ட இதழ்க்குழல். சூற்பை மண்ணையொட்டி மறைந்திருக்கும். லூட்டெசென்ஸுக்கோ தண்டு உண்டு, குழல் குறுகியது.

பெயரில் நேர்ந்த பிழையால் இழப்பும் உண்டாயிற்று. லூட்டெசென்ஸை நெடிய ஐரிஸுடன் கலந்தால் பிறக்கும் செடிகள் பெரும்பாலும் விதை தருவதில்லை; கலப்பு அங்கேயே நின்றுவிடும். 1930-களில் மெய்யான பியூமிலாவின் விதைகள் அமெரிக்காவை அடைந்தன. அவ்வினத்தை நெடிய ஐரிஸுடன் கலந்து, இந்தியானா மாநிலத்துப் பால் குக் 1951-இல் வெளியிட்ட புதிய வகைகளோ விதை தந்து பெருகின. இன்றைய குட்டை ஐரிஸ் வகைகள் பல அவ்வழியில் வந்தவையே.

இதே சோதனை நம் இமயத்துக்கும் பொருந்தும். குமாவோன் நாட்டின் பெயர் தாங்கிய கெமாவோனென்சிஸ், 1887-இல் ஃபாஸ்டர் பெயரிட்ட ஹூக்கரியானா ஆகிய இரண்டும் ஊதாவில் கரும்புள்ளி தெளித்தவை. முன்னதன் குழல் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை நீளும். பின்னதன் குழல் 2 அல்லது 3 சென்டிமீட்டரே.

சமவெளியின் கோடை இவற்றுக்கு ஒவ்வாது. மலைநகர்களில் வாழ்வோர், வடிகாலுள்ள மண்ணில், வெயில் படும் இடத்தில் விதையிட்டு வளர்க்கலாம். இலைகள் மடிந்துறங்கும் குளிர்காலத்தில் ஈரம் தேங்கலாகாது. காட்டுச் செடியைப் பெயர்த்தெடுத்தல் தகாது. விதை கிடைத்த இடத்தையும் ஆண்டையும் எழுதி, தொட்டியருகே ஒரு சீட்டு நடுக. மலர்ந்த நாளில் குழலை அளந்து, அதன்பின் பெயரை எழுதுக.