வண்ணச் சீரமைப்பு

வண்ணச் சீரமைப்பு என்பது படம்பிடித்த காட்சிகளின் ஒளியளவு, மாறுபாடு, நிறம் ஆகியவற்றை வெளியீட்டுக்கு முன் ஒழுங்குபடுத்தும் பணி. காலையிலும் மாலையிலும் எடுத்த துண்டுகளை ஒரே வேளையில் நடந்தவையாகக் காட்டுவது இதன் முதல் வேலை. கதைக்கு ஏற்ற தோற்றத்தைக் கொடுப்பது அடுத்தது. சென்னைத் திரைத்துறையில் இதை ‘டிஐ’ என்பார்கள். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் ‘கலர் கரெக்‌ஷன்’ அல்லது ‘சிசி’ என்பார்கள். செய்பவர் கலரிஸ்ட். ஆய்வகத்தில் தொடங்கிய இந்தப் பணி, கோடிக்கணக்கில் செலவாகும் கூடங்களைக் கடந்து, இன்று விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, பரளச்சி வட்டாரம் போன்ற வானம்பார்த்த பூமியிலிருந்து வரும் தனிப் படைப்பாளியின் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆய்வகக் காலம்

கறுப்பு வெள்ளைப் படத்தில் பிரதியெடுப்பவர் ஒளியின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வண்ணம் வந்ததும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளையும் தனித்தனியாக அளக்க வேண்டியதாயிற்று. முழுநீள வண்ணப்படமாக வந்த முதல் தமிழ்ப்படம், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரத்தின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956). பெல்ஜியத்துக் கேவர்ட் நிறுவனத்தின் கேவாகலர் சுருளில் அது எடுக்கப்பட்டது. பி. ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) கேவாகலரில் படமாகி, லண்டனில் டெக்னிகலர் முறைக்கு மாற்றப்பட்டது. 1964இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ ஈஸ்ட்மன் கலரில் வந்தது. அதன்பின் ஜெமினி, விஜயா, ஏவிஎம், பிரசாத் ஆகிய சென்னை ஆய்வகங்களின் பெயர்கள் வண்ணப்படங்களின் தலைப்புப் பட்டியலில் வழக்கமாக இடம்பெற்றன.

ஆய்வகத்தில் நிறத்தைத் தீர்மானித்தவர் கிரேடர். நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ் எடுக்கும் அச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு நிற ஒளிக்கும் 1 முதல் 50 வரை புள்ளிகள் உண்டு. நடுநிலை ஏறத்தாழ 25. ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று எண்களை அவர் குறிப்பார்; அவை காகித நாடாவில் துளைகளாக ஏறும்; நாடாவைப் படித்து இயந்திரம் ஒளியை மாற்றிக்கொள்ளும். முதல் பிரதியைத் திரையிட்டுப் பார்த்து, ஒளிப்பதிவாளர் “முகம் பச்சையடிக்கிறது” என்றால் எண்கள் மாறும்; மறுபடியும் பிரதி எடுக்கப்படும். எந்த மாற்றமும் சட்டகம் முழுவதையும் பாதிக்கும் என்பது இந்த முறையின் எல்லை. வானத்தை மட்டும் நீலமாக்கவோ, முகத்தை மட்டும் வெளிச்சமாக்கவோ வழி கிடையாது. அதை ஒளிப்பதிவாளர் படப்பிடிப்பிலேயே ஃபில்டர், ரிஃப்ளெக்டர், விளக்கு ஆகியவற்றால் முடித்துவிட வேண்டும்.

தொலைக்காட்சி வழி வந்த கருவி

சட்டகத்தின் ஒரு பகுதியை மட்டும் தொடும் வசதி தொலைக்காட்சி வழியாகவே வந்தது. படச்சுருளை மின்சமிக்ஞையாக்கும் டெலிசினி இயந்திரத்துடன் இணைத்து, குறிப்பிட்ட ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுத்து மாற்றும் கருவிகளை 1980களில் அமெரிக்காவின் டாவின்சி நிறுவனம் விற்றது. விளம்பரப் படங்களும் இசைக் காணொளிகளும் இவற்றை முதலில் பயன்படுத்திக்கொண்டன.

இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி 1982இல் வந்தது. அதையொட்டி ஊர்ப்புறங்களிலும் கல்யாண வீடியோ பரவியது. அங்கே நிறத் திருத்தம் என்பது பெரும்பாலும் கேமராவில் வெள்ளைத் தாளைக் காட்டி ‘ஒயிட் பேலன்ஸ்’ செய்வதோடு முடிந்தது. டியூப்லைட்டின் பச்சையும் ஃபோகஸ் லைட்டின் மஞ்சளும் கலந்த மண்டபத்தில் அதுவும் பாதிதான் உதவியது. நாடாவிலிருந்து நாடாவுக்குப் பதியும் ‘மிக்சிங்’ கூடத்தில் ஒவ்வொரு பதிவிலும் நிறம் கொஞ்சம் கரைந்தது.

டிஜிட்டல் இன்டர்மீடியட்

நெகட்டிவ் முழுவதையும் ஸ்கேன் செய்து, கணினியில் நிறம் திருத்தி, மறுபடியும் சுருளில் பதிவது டிஜிட்டல் இன்டர்மீடியட். ‘டிஐ’ அதன் சுருக்கம். முழுப்படமும் இம்முறையில் நிறம் மாற்றப்பட்டதற்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ (2000). மிசிசிப்பியில் கோடையில் பசுமை செழித்திருந்தபோது படமெடுத்த ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ், அந்தப் பச்சையைக் கணினியில் காய்ந்த புல்லின் மஞ்சளாக்கினார். புதிய தொழில்நுட்பம் தன் ஆற்றலைக் காட்ட எடுத்துக்கொண்ட முதல் பெரிய வேலை, வளமான நிலத்தை வறண்டதாக்குவதாக இருந்தது.

சென்னையில் இதற்கான அடித்தளம் படத்தொகுப்பு கணினிக்கு மாறியபோதே தொடங்கியது. 1994இல் வெளியான ‘மகாநதி’ அவிட் கணினியில் தொகுக்கப்பட்டது. பி. சி. ஸ்ரீராம் இயக்கிய ‘வானம் வசப்படும்’ (2004), நாட்டிலேயே எச்டி டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்ட தொடக்கப் படங்களில் ஒன்று. 2009இல் ‘அச்சமுண்டு! அச்சமுண்டு!’, ‘உன்னைப்போல் ஒருவன்’ ஆகியவை ரெட் ஒன் கேமராவில் வந்தன. 1986இல் சென்னையில் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனத்தின் கியூப் என்னும் டிஜிட்டல் திரையிடல் முறை திரையரங்குகளில் பரவ, பெட்டி பெட்டியாகச் சுருள் அனுப்பும் வழக்கம் குறைந்தது. 2012இல் சுருள் தயாரித்த கோடாக் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. 2013இல் ஃபியூஜி திரைப்படச் சுருள் தயாரிப்பை நிறுத்தியது. காகித நாடாவில் எண் குறித்த கிரேடரின் இடம் கலரிஸ்டுக்குப் போனது.

இதே கருவிகள் பழைய படங்களுக்கும் பயன்பட்டன. 1964ஆம் ஆண்டின் ‘கர்ணன்’ டிஜிட்டலில் சீரமைக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரைக்கு வந்தது.

சுயாதீனப் படைப்பாளிகள்

2000களில் டாவின்சியின் ரிசால்வ் என்னும் நிறத் திருத்தக் கருவி, தனிக் கணினியும் கட்டுப்பாட்டுப் பலகையும் சேர்ந்த தொகுப்பாகப் பல லட்சம் டாலருக்கு விற்றது. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் டாவின்சியை வாங்கியது. 2010இல் மென்பொருள் மட்டும் 995 டாலருக்கு வந்தது; 2011இல் இலவசப் பதிப்பும் வந்தது; 2017இல் கட்டணப் பதிப்பின் விலை 299 டாலராகக் குறைந்தது. பெரிய கூடங்களில் மட்டும் இருந்த கருவி இவ்வாறு மாணவனின் கைக்கு எட்டியது.

கேமராவிலும் அதே காலத்தில் மாற்றம் நடந்தது. 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2, நிழற்படக் கேமராவில் முழு எச்டி காணொளியைக் கொடுத்தது. பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ (2012) இத்தகைய கேனான் கேமராவால் எடுக்கப்பட்டுத் திரையரங்குக்கு வந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி தலைமுறை இந்த மாற்றத்தின் நடுவில் உருவானது.

மலிவுக்கு ஒரு விலையும் இருந்தது. இக்கேமராக்கள் 8 பிட் கோப்பாகவே பதிந்தன. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 10 பிட் கோப்பில் 1024. படி குறைந்த கோப்பை இழுத்துத் திருத்தினால் மேகமற்ற வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். பின்னர் வந்த ‘லாக்’ பதிவு, ஒளியின் வீச்சைச் சுருக்கி வெளிறிய படமாகச் சேமித்து, திருத்துவதற்கு இடம் விட்டுவைத்தது. லாக் படத்தை வழக்கமான நிறத்துக்கு மாற்றும் அட்டவணையே ‘லட்’. ஒரே சொடுக்கில் ‘சினிமா லுக்’ தரும் லட் தொகுப்புகள் இணையத்தில் விற்பனைக்கு வந்ததும், கல்யாண வீடியோ முதல் குறும்படம் வரை ஒரே தோற்றம் பரவியது.

கரிசல் நிலத்தின் ஒளி

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் மழையை நம்பிய கரிசல் காடுகள். குண்டாறும் கண்மாய்களும் பெரும்பாலான மாதங்கள் வறண்டே கிடக்கும். நடுப்பகலில் வானம் நீலமாக இல்லாமல் வெளுத்துத் தெரியும். கீழே ஒளியை விழுங்கும் கருத்த மண். இடையில் பனையும் சீமைக்கருவேலும். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் மனிதர் இருண்டுபோவர். மனிதருக்கு வைத்தால் வானம் வெறும் வெள்ளையாகும். அளவுக்கு மீறி வெளுத்துப்போன பகுதியை எந்தக் கலரிஸ்டாலும் மீட்க முடியாது என்பதால், இந்நிலத்தில் நிறத் திருத்தம் படப்பிடிப்பு நேரத்தைத் தேர்வதிலேயே தொடங்கிவிடுகிறது.

விருதுநகர்க்காரரான வசந்தபாலனின் ‘வெயில்’ (2006, ஒளிப்பதிவு ஆர். மதி), அமீரின் ‘பருத்திவீரன்’ (2007) ஆகியவற்றுக்குப் பின் தென்மாவட்டக் கதை என்றாலே மஞ்சளும் பழுப்பும் கலந்த தோற்றம் வழக்கமாயிற்று. நிழற்பகுதியில் பழுப்பு ஏற்றும் ஆயத்த லட்டுகள் கரிசலைச் செம்மண்ணாக்கிவிடும். எது பருத்தியும் சோளமும் விளையும் மண் என்று அறிந்த உள்ளூர்ப் பார்வையாளருக்கு அது வேறு ஊர். பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ வேறு வழியில் போனது. மேலூர் அருகே அரிட்டாபட்டிச் சுற்றுவட்டாரத்தில் எடுக்கப்பட்டு, 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்ற அப்படம், பகல் வெயிலைக் கண் கூசும் அளவுக்கு அப்படியே விட்டுவைத்தது.

தோல் நிறம்

படச்சுருள் தயாரித்த நிறுவனங்கள் நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோல் பெண்ணே இருந்தார். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர்பெற்ற அவற்றில் பல இனத்தவர் இடம்பெற்றது 1990களில்தான். டிஜிட்டல் வந்தபின் முகத்தை மட்டும் தனியாகப் பிரித்து வெளுக்கும் வசதி கிடைத்தது. ‘சிவாஜி’ (2007) படத்தின் பாடலொன்றில் ரஜினிகாந்தின் மேனி முழுவதும் சட்டகம் சட்டகமாக வெள்ளையாக்கப்பட்டது. படத்தில் அது வேடிக்கை. கல்யாண ஆல்பங்களிலும் வீடியோக்களிலும் மணமக்களை வெளுப்பது வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் சேவை.

வெக்டர்ஸ்கோப் என்னும் அளவுகருவி இதில் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. கருத்த தோலும் வெளுத்த தோலும் அதில் ஏறத்தாழ ஒரே கோட்டை ஒட்டியே விழுகின்றன. வேறுபடுவது பெரும்பாலும் ஒளியளவும் செறிவும்தான். ஆகவே கருத்த முகத்துக்கு வேண்டியது வேறு நிறமல்ல. நிழலில் விவரம் கெடாத எக்ஸ்போஷரும், நெற்றியிலும் கன்னத்திலும் மினுங்கும் ஒளியைக் காக்கும் திருத்தமும் போதும்.

இறுதிப்பணியின் வரிசை

படத்தொகுப்பு முடிந்து இறுதியானபின் மூலக்கோப்புகளை இணைப்பது ‘கன்ஃபார்ம்’. அடுத்து ஒளியளவு, வெள்ளைச் சமநிலை. அதன்பின் ஷாட்டுகளைப் பொருத்தும் ‘மேட்ச்’. பின்னர் முகம், வானம் போன்ற பகுதித் திருத்தம். கடைசியில் முழுப்படத் தோற்றம். திரையரங்குக்கு டிசிபி கோப்பு, தொலைக்காட்சிக்கும் யூடியூபுக்கும் ரெக் 709 தரம், ஓடிடி கேட்டால் ஒளிவீச்சு மிகுந்த எச்டிஆர் பதிப்பு எனத் தனித்தனியாக வெளியெடுப்பர். ஒளிர்வை அளக்கும் நிட் என்னும் அலகில் திரையரங்கின் வெள்ளை 48தான். ரெக் 709 மானிட்டரின் வெள்ளை வழக்கமாக 100 நிட். ஒரே கோப்பு இரண்டிலும் ஒரே மாதிரித் தெரியாததற்கு இது முதல் காரணம்.

தற்போதைய நிலை

மென்பொருளும் 10 பிட் கேமராவும் எட்டும் விலைக்கு வந்துவிட்ட நிலையில், சிற்றூர்ப் படைப்பாளிக்கும் சென்னைக் கூடத்துக்கும் இடையே எஞ்சியுள்ள வேறுபாடு பார்க்கும் சூழலில்தான் இருக்கிறது: அளவீடு செய்த மானிட்டர், நிறமற்ற சாம்பல் சுவர், நிலையான பின்னொளி. ஜன்னல் வெளிச்சம் விழும் அறையில், நீலம் மிகுந்த திரையைப் பார்த்துத் திருத்துபவர் அறியாமலேயே படத்தில் மஞ்சளைக் கூட்டிவிடுவார். அளவீட்டுக் கருவி ஒன்றும், ஒளியளவைக் காட்டும் வேவ்ஃபார்ம், வெக்டர்ஸ்கோப் ஆகியவற்றைப் படிக்கும் பழக்கமும் இருந்தால் இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி தீரும். இரண்டும் கேமராவைவிட மலிவு.