ஆரஞ்சு ஏப்ரன் போட்ட ஆள்

1979 ஜூன் 22ஆம் தேதி, அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒரே நாளில் இரண்டு கடைகள் திறக்கப்பட்டன. முதலாளிகளின் பிள்ளைகள் கையில் ஒரு டாலர் நோட்டுக் கட்டுகளோடு நின்றார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நோட்டு கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. சாயங்காலம் ஆகியும் கட்டு தீரவில்லை. கார் நிறுத்துமிடத்துக்கே போய், வந்து போகிறவர்களின் கையில் திணிக்க வேண்டியதாயிற்று. உள்ளே கூரை வரைக்கும் அடுக்கியிருந்த பெட்டிகளில் பல வெறும் பெட்டிகள். சரக்கு வாங்கப் பணம் போதாததால் மேல் தட்டுகளைக் காலி அட்டைப்பெட்டிகளாலும் காலிப் பெயிண்ட் டின்களாலும் நிரப்பியிருந்தார்கள். இன்று உலகின் மிகப் பெரிய ஹார்ட்வேர் கடையான ஹோம் டிப்போ தொடங்கிய கதை இது.

பெர்னார்ட் மார்கஸ், ஆர்தர் பிளாங்க் என்ற இருவர்தான் முதலாளிகள். அதற்கு முந்தைய ஆண்டு, ஹேண்டி டேன் என்ற கடைத்தொகுதியிலிருந்து இருவரையும் வேலையை விட்டுத் தூக்கியிருந்தார்கள். மார்கஸுக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தச்சுவேலை செய்த அப்பாவுக்குப் பிறந்து, மருந்தாளராகப் படித்தவர். பிளாங்க் கணக்குத் துறை ஆள். முதலீட்டைத் திரட்டித் தந்தவர் கென் லாங்கோன். இந்த மூவர் கதையைத் தொழில்முனைவோர் கூட்டங்களில் நிறைய சொல்லிவிட்டார்கள். நான் பார்க்க நினைப்பது வேறு ஒரு ஆளை. அந்தக் கடை வரிசைகளுக்கு நடுவில் ஆரஞ்சு ஏப்ரன் போட்டு நின்றவரை.

அவர் ஏன் முக்கியம் என்று புரிய, நம் தாமானில் இருக்கும் பழைய ஹார்ட்வேர் கடையை நினைத்துக்கொண்டால் போதும். முன்னால் ஒரு மேசை. அதற்குப் பின்னால் தவுக்கே. அவருக்குப் பின்னால் நூறு இழுப்பறைகள். நாம் போய் "ஒரு ஸ்குரூ வேணும், இவ்ளோ நீளம்" என்று விரலால் காட்டினால் கொடுத்துவிட மாட்டார். "எதுக்கு?" என்று கேட்பார். சிமெண்ட் சுவரா, பலகையா, ஜிப்சமா? பதிலைக் கேட்ட பிறகு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சரியான இழுப்பறையை இழுப்பார். அந்தக் கடையில் சரக்கோடு சேர்த்து அந்த "எதுக்கு?" என்ற கேள்வியையும் நாம் வாங்குகிறோம். அதற்குத் தனி விலை இல்லை. ஆணியின் விலைக்குள்ளேயே அது இருக்கிறது. அமெரிக்காவின் பழைய ஹார்ட்வேர் கடைகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன.

ஹோம் டிப்போ அந்த மேசையைத் தூக்கி எறிந்தது. கடையும் கிடங்கும் ஒன்றே. தயாரிப்பாளரிடமே நேராக வாங்கி, ஃபோர்க்லிஃப்டால் அடுக்கி, குறைந்த லாபத்தில் நிறைய விற்பது என்பது திட்டம். ஆனால் மேசையைத் தூக்கினால் மேசைக்குப் பின்னால் இருந்தவர் எங்கே போவார்? பெரும்பாலான மலிவுக்கடைகள் அவரையும் சேர்த்தே தூக்கிவிடும். இவர்கள் அவரை வரிசைக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிளம்பர், எலெக்ட்ரீஷியன், தச்சர் என்று தொழில் தெரிந்தவர்களைத் தேடி வேலைக்கு எடுத்தார்கள். கடையிலேயே டைல்ஸ் ஒட்டச் சொல்லிக்கொடுத்தார்கள்.

முக்கியமாக, விற்பனைக்குக் கமிஷன் கிடையாது. மார்கஸ் இதில் பிடிவாதமாக இருந்தார். நூற்றைம்பது டாலருக்குப் புதுக் குழாய் வாங்க வந்தவரை, நாலைந்து டாலரில் பழையதையே சரிசெய்துகொள்ளும்படி தன் ஆட்கள் திருப்பி அனுப்புவதைப் பெருமையாகச் சொல்வார். கமிஷன் இருந்தால் எவன் வாஷரை எடுத்துக் கொடுப்பான்?

இது தர்மம் இல்லை, நல்ல வியாபாரம். ஒருமுறை குழாயைத் தானே சரிசெய்தவர் அடுத்து சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார், பிறகு மரத்தளம் போடத் துணிவார். ஒவ்வொன்றுக்கும் அவர் இங்கேதான் வரணும். 1981இல் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. 1989இல் பழம்பெரும் போட்டியாளரான லோவ்ஸை முந்தியது. 2000இல் கடைகள் ஆயிரத்தைத் தாண்டின.

அந்த ஆண்டு டிசம்பரில் ராபர்ட் நார்டெல்லி தலைமைக்கு வந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச்சின் வாரிசாக முடியாமல் போனவர். சில்லறை வியாபார அனுபவம் இல்லை. கையோடு சிக்ஸ் சிக்மாவைக் கொண்டுவந்தார்.

இங்கே நான் யார் என்று சொல்லிவிடுவது நியாயம். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சிக்ஸ் சிக்மா எனக்குச் சோறு போடுகிறது. 1986இல் மோட்டோரோலாவில் உருவான முறை அது. ஒரு மில்லியன் வாய்ப்புக்கு 3.4 பிழைக்கு மேல் போகக்கூடாது என்பது இலக்கு. சாலிடர் புள்ளிகளுக்கு அது அற்புதமாக வேலை செய்கிறது. அதனால் நார்டெல்லியை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை. ஆயிரம் கடைகளுக்கு ஒன்பது இடங்களில் தனித்தனியாகக் கொள்முதல் நடந்துகொண்டிருந்தால், அதை ஒன்றாக்கச் சொல்வது சரியான புத்திதான். விற்பனை 2000இல் 46 பில்லியன் டாலர். 2005இல் 81 பில்லியனைத் தாண்டியது. லாபமும் இரண்டு மடங்குக்கு மேல்.

சிக்கல் அளவுகோலில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பொருள் விற்றது என்பதை அளக்கலாம், சம்பளச் செலவை அளக்கலாம். வாஷர் எடுத்துக் கொடுத்தவரை எந்தக் கட்டத்தில் போடுவது? கணக்கில் அவர் நூற்றைம்பது டாலர் விற்பனையை நாலு டாலராக்கிய நஷ்டம். சம்பளமும் கூட, வயதும் கூட. பகுதிநேர ஊழியர்கள் பெருகினார்கள், தொழில் தெரிந்த பழைய ஆட்கள் பலர் வெளியேறினார்கள். 2005ஆம் ஆண்டின் அமெரிக்க வாடிக்கையாளர் திருப்திக் குறியீட்டில் ஹோம் டிப்போவுக்கு 67 புள்ளி. பெரிய சில்லறைக் கடைகளில் கடைசி இடம். லோவ்ஸுக்கு 78. பங்கு விலையும் அசையவில்லை.

2006 மே மாதம் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்கு நார்டெல்லியைத் தவிர இயக்குநர்கள் யாரும் வரவில்லை. கேள்வி கேட்பவருக்கு ஒரு நிமிடம்தான். அதை எண்ண ஒரு கடிகாரம் வேறு. கேட்க ஆள் இல்லை என்ற கடை வாடிக்கையாளர்களின் புகார் முதலாளிகளின் கூட்டத்துக்கே வந்து சேர்ந்ததுபோல இருக்கிறது. 2007 ஜனவரியில் அவர் விலகினார், சுமார் 210 மில்லியன் டாலர் தொகுப்போடு.

அடுத்து வந்த ஃபிராங்க் பிளேக் மார்கஸிடம் பேசினார். உரிமம் பெற்ற பிளம்பர்களையும் எலெக்ட்ரீஷியன்களையும் திரும்பக் கடைக்குள் கொண்டுவந்தார். ஆனால் அந்த ஆளை எல்லா ஊருக்கும் ஏற்றுமதி செய்ய முடியவில்லை. சீனாவில் 2006இல் 12 கடைகளை வாங்கிய நிறுவனம், 2012இல் எஞ்சியிருந்த ஏழையும் மூடியது. இங்கே மக்கள் தாமே செய்வதில்லை, ஆள் வைத்துச் செய்கிறார்கள் என்று நிறுவனமே காரணம் சொன்னது. நமக்கு இது புரியாதது இல்லை. குழாய் ஒழுகினால் நம் வீடுகளில் முதலில் தேடுவது ஸ்பேனரை அல்ல, பக்கத்துத் தாமான் அண்ணனின் போன் நம்பரை. 2005இல் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் முதல் கடை திறந்த மிஸ்டர் டிஐஒய் 'நீயே செய்' என்று பெயர் வைத்துக்கொண்டாலும், அங்கிருந்து நான் பெரும்பாலும் தூக்கிவருவது பிளாஸ்டிக் டப்பாக்களைத்தான்.

அமெரிக்காவிலும் காற்று அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஹோம் டிப்போவின் விற்பனையில் ஏறக்குறைய பாதி இப்போது தொழில்காரர்களிடமிருந்து வருகிறது. 2024இல் கூரைப் பொருள்களை அவர்களுக்கு விநியோகிக்கும் எஸ்ஆர்எஸ் நிறுவனத்தை 18.25 பில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மார்கஸ் 95 வயதில் காலமானார்.

வீட்டுக்காரரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல 2025இல் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றைத் தங்கள் இணையதளத்தில் வைத்தார்கள். அதன் பெயர் 'மேஜிக் ஏப்ரன்'. அது சொல்லும் பதில்களின் தரத்தை அளக்க, அங்கேயும் என்னைப் போல ஒருவர் கணினி முன் உட்கார்ந்திருப்பார்.