கரித்துணியும் கணிப்பொறித் திரையும்

கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவர மலைக்கு ஏறிச் செல்லும் சாலையில் கௌதள்ளி என்னும் ஊர் இருக்கிறது. 1799 ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், கொள்ளேகாலப் பகுதி கும்பினியார் வசமாகிக் கோயமுத்தூர் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபோது, அது சென்னை மாநிலத்தை விட்டு மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. நெடுங்காலம் மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997 இல் சாமராசநகர மாவட்டத்தின் பகுதியாயிற்று. நம்மில் பலர் ஊரை விட்டு எல்லை கடந்து வந்தவர்கள். கௌதள்ளி மக்களோ இருந்த இடத்தில் இருக்க, எல்லையே அவர்களைக் கடந்து சென்றது.

இத்தகைய எல்லைப்புறங்களில் சில சொற்கள் எந்த மொழிக்கு உரியவை என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. அவற்றுள் ஒன்று பலப்பம். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியிலும் தொடக்கப் பள்ளியிலும் பயின்ற முதியவர்கள் இச்சொல்லை மறந்திருக்க மாட்டார்கள்; சிலேட்டில் எழுதும் குச்சி அது. கன்னடர் அதனைப் ‘பளப’ என்பர். உண்மையில் பலப்பம் என்பது ஒருவகை மாக்கல். நகத்தால் கீறினாலும் தடம் விழும் அளவுக்கு மென்மையானது. பேலூரிலும் ஹளேபீட்டிலும் ஹொய்சளச் சிற்பிகள் நகையாசாரியைப் போல நுணுக்கமாகச் செதுக்கியதும் இந்த இனத்தைச் சேர்ந்த கல்லில்தான். கல் மெதுவாக இருந்ததால் உளி துணிந்தது. அதே கல்லின் துண்டு வணிகனின் விரலிடையே எழுதுகோலாகவும் விளங்கியது. அவன் எதன்மேல் எழுதினான் என்பதே இன்று நாம் காணப்போகும் செய்தி.

மைசூர் நாட்டு வணிகர் கணக்கெழுதப் பயன்படுத்திய சுவடிக்குக் ‘கடதம்’ என்று பெயர். மைசூரில் கும்பினியின் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மார்க் வில்க்ஸ், 1810 இல் முதற்பகுதி வெளிவந்த தமது தென்னிந்திய வரலாற்று நூலில் இதனை விரிவாக விளக்குகிறார். 8 அங்குலம் முதல் ஓரடி வரை அகலமும் 12 முதல் 18 அடி வரை நீளமும் உடைய பருத்தித் துணியை எடுத்து, இருபுறமும் பசையும் கரித்தூளும் கலந்த குழம்பைப் பூசிக் காயவிடுவார்கள். நன்றாக உலர்ந்தபின், வெட்டாமலே விசிறி மடிப்பாக மடித்து, இரு முனைகளிலும் வண்ணம் தீட்டிய மரப்பலகைகளைப் பொருத்துவார்கள். பார்வைக்குப் புத்தகம் போலவே இருக்கும். பசை, புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சியது என்பது பின்வந்தோர் தரும் குறிப்பு. நெசவாளர் பாவுக்குக் கஞ்சியிடுவதை அறிந்தவர்களுக்கு இதன் செய்முறை புதிதாகத் தோன்றாது. இக்கரிய ஏட்டில் பலப்பத்தால் எழுதினால் எழுத்து வெண்மையாகத் தெரியும். வேண்டாதபோது துடைத்துவிட்டு மறுபடியும் எழுதலாம்.

துடைத்தால் அழியும் எழுத்தை நம்பி எவ்வாறு வரவு செலவு நடத்தினார்கள் என்று ஐயம் எழலாம். கடதம் நாம் நினைப்பது போல அவ்வளவு நொய்ந்த பொருள் அன்று. சிருங்கேரி மடத்தின் பழைய கணக்குகளும் ஆவணங்களும் கடதங்களிலேயே எழுதிப் பேணப்பட்டு வந்துள்ளன. அவற்றைப் படித்து வரலாற்றாய்வாளர் நூல்களும் வெளியிட்டிருக்கின்றனர். எழுத்துக் கலையின் வரலாற்றை 1896 இல் எழுதிய ஜெர்மானிய அறிஞர் பியூலர், கன்னட வணிகர் தம் காலத்திலும் கடதத்தைக் கையாண்டு வந்ததைக் குறிப்பிடுகிறார். கறையான் அரிக்கும் ஓலையையும் ஈரத்தில் நைந்து போகும் தாளையும் நோக்க, மூடி மடித்து வைத்த கரித்துணி நல்ல காவலாளியாகவே இருந்திருக்கிறது.

தெலுங்கில் ‘கடிதமு’ என்பது இதே கரித்துணிச் சுவடியைக் குறிக்கும். நாம் ஊருக்கு எழுதும் கடிதத்தோடு இச்சொல் எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தகைய சொற்களைக் கண்டால் அவற்றை விட்டு அகல மனம் வருவதில்லை. நேயர்கள் பொறுத்தருள்க.

துணியில் எழுதும் பழக்கம் நம் நாட்டுக்கு மிகத் தொன்மையானது. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ், இந்தியர் நெருக்கமாக நெய்து தட்டிய துணியில் மடல் எழுதுவதாகச் சொன்னதை ஸ்ட்ராபோ என்னும் கிரேக்க ஆசிரியர் பதிந்திருக்கிறார். கடல் கடந்து பர்மாவுக்குச் சென்றால், அங்கே ‘பரபைக்’ எனப்படும் மடிப்புச் சுவடி, காகிதத்தில் கருமை பூசி, மாக்கற் குச்சியால் எழுதப்பட்டது. சயாம் நாட்டிலும் கருநிற மடிப்பேடுகள் உண்டு.

தமிழகத்தின் ஓலைச்சுவடியோ இதற்கு நேர்மாறானது. எழுத்தாணி கீறிய வடு முதலில் கண்ணுக்குப் புலப்படாது. பச்சிலைச் சாற்றையும் கரியையும் கலந்து தடவித் துடைத்தபின்தான், வெளிறிய ஓலையில் கரிய எழுத்துத் தோன்றும். ஆகவே வெண்மையில் கருமையும் கருமையில் வெண்மையும் அடுத்தடுத்த நாடுகளில் ஒரே காலத்தில் வழங்கியிருக்கின்றன. கண்ணின் சுகத்தை எண்ணி எவரும் இவற்றைத் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை. பலப்பம் வெள்ளைத் தடம் விடுகிறது. ஆதலால் துணிக்குக் கரி வேண்டியிருந்தது. ஓலை தானே வெளிறியது. ஆதலால் எழுத்துக்குக் கரி வேண்டியிருந்தது. பொருளின் இயல்பு விதித்ததை மனிதன் ஏற்றுக்கொண்டான்.

கணிப்பொறித் திரை வந்தபோதும் முதலில் நிகழ்ந்தது இதுவே. பழைய திரை என்பது ஒரு கண்ணாடிக் குழாய். அதன் உட்புறத்தில் ஒளிரும் பூச்சு இருக்கும். எலெக்ட்ரான் கற்றை பட்ட புள்ளி மட்டும் ஒளிவிடும், படாத இடம் இருண்டே கிடக்கும். ஆகவே எழுத்தை ஒளியாலும் பின்னணியை இருளாலும் காட்டுவதே இயல்பான வழியாயிற்று. வங்கிகளிலும் ரயில்வே முன்பதிவு நிலையங்களிலும் கரிய திரையில் பச்சை எழுத்து மின்னியதைக் கண்டவர் நம்மில் பலர் இருப்பார்கள். திரை முழுவதையும் வெண்மையாக ஒளிரச் செய்தால் அது படபடவென்று துடிப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதும் இருளை நாடியதற்கு ஒரு காரணம்.

1973 இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தார் ‘ஆல்டோ’ என்ற பொறியை உருவாக்கினார்கள். அதன் திரை தாளைப் போல நெட்டுவாக்கில் நின்றது. வெண்மையில் கருநிற எழுத்துகளைக் காட்டியது. அச்சில் வரப்போகும் பக்கத்தைத் திரையிலேயே காணவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். 1984 இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் வெளிவந்தபின் இவ்வழக்கம் பரவிற்று. அலுவலகங்கள் தாளை விட்டுத் திரைக்கு மாறின. திரையோ தாளைப் போல வேடம் பூண்டது.

முப்பதாண்டுகள் கழித்து இருள் திரும்பி வந்தது. இம்முறை கட்டாயத்தால் அன்று, விருப்பத்தால். விண்டோஸில் 2016 இலும், ஆப்பிள் கணிப்பொறிகளில் 2018 இலும், ஐபோன், ஆண்டிராய்டு கைபேசிகளில் 2019 இலும் ‘டார்க் மோடு’ என்னும் இருள்முறை முழு அளவில் இடம் பெற்றது. எழுத்தின் நெடிய வரலாற்றில், பக்கத்தின் நிறத்தைப் படிப்பவனே நொடியில் மாற்றிக்கொள்ளும் உரிமை பெற்றது இக்காலத்தில்தான் என்பேன்.

இவ்வுரிமையை எப்பொழுது பயன்படுத்துவது? இரவுப் பணிக்குச் செல்வோரும், அறைநண்பர் உறங்கும்போது விளக்கை அணைத்துவிட்டுப் படிப்போரும் புலம்பெயர்ந்த நம்மவரிடையே மிகுதி. அவர்களுக்கு இது வீண் ஆராய்ச்சி அன்று. இருளான அறையில் வெண்திரை கண்ணைக் கூசச் செய்யும். அங்கே இருள்முறை இதமானது. பகல் வெளிச்சத்தில் நிலைமை வேறு. வெண்பின்னணியைப் பார்க்கும்போது கண்மணி சுருங்குகிறது. சுருங்கிய மணி வழியே விழும் உருவம் கூர்மையாக இருக்கிறது. ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் பல்கலைக்கழகத்தார் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர், முதியோர் ஆகிய இரு சாராருமே வெண்மையில் கருநிற எழுத்தைத்தான் மேலும் திறம்படப் படித்தனர். ஆனால் கண்புரை முதலியவற்றால் கண்ணின் உட்பகுதி மங்கியவர்களுக்குக் கருமையில் வெண்ணெழுத்தே எளிதாக இருக்கக்கூடும் என்று 1985 இல் லெக் என்பாரும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். ஆகையால், மகன் சொன்னான் என்பதற்காகத் தந்தை இருள்முறைக்கு மாறவேண்டியதில்லை; தந்தைக்குப் பிடித்திருந்தால் மகன் அதைத் தடுக்கவேண்டியதும் இல்லை.

தமிழ் படிப்போர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று தனியே உண்டு. கருமையில் வெண்ணெழுத்து, உருவப் பிறழ்ச்சி என்னும் பார்வைக் குறை உடையவர்களுக்குச் சற்றே கசிந்து பரவித் தோன்றும். ண, ஞ போன்ற சுழி மிகுந்த எழுத்துகளில் இக்கசிவு சுழியின் உள்வெளியை நிரப்பிவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை இடாமலே விட்டனர். நாமோ புள்ளியை நம்பிப் படிக்கிறோம். இதற்குப் பரிகாரம் உண்டு. எழுத்தின் அளவை ஒரு படி கூட்டுக. முழுக் கருமையும் தூய வெண்மையும் மோதாதபடி, கருஞ்சாம்பல் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தைத் தேர்க. திரையின் ஒளியை அறையின் ஒளிக்கு ஏற்பத் தாழ்த்துக. கண்ணெரிச்சல் இவற்றாலும் தீராவிடில், நிறத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. திரையை உற்று நோக்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது.

மின்சாரம் மிச்சமாகும் என்பதும் முழு உண்மை அன்று. புள்ளிதோறும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் மட்டுமே அது பொருந்தும். 2021 இல் பர்டியூ பல்கலைக்கழகத்தார் அளந்து பார்த்தபோது, திரை முழு ஒளியில் இருக்கையில் 39 முதல் 47 சதவிகிதம் வரை மிச்சமாயிற்று. சாதாரணமாக நாம் வைக்கும் 30 முதல் 50 சதவிகித ஒளியிலோ 3 முதல் 9 சதவிகிதமே. பின்விளக்கு எப்போதும் எரியும் எல்சிடி திரைகளில் குறிப்பிடத்தக்க மிச்சம் எதுவும் இல்லை.

மாற்றும் முறை எளிது. விண்டோஸ் கணிப்பொறியில் ‘அமைப்புகள்’ பகுதியைத் திறந்து, ‘தனிப்பயனாக்கம்’ என்பதில் ‘நிறங்கள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஒளிமுறை, இருள்முறை என்ற இரண்டும் அங்கே இருக்கும். கைபேசியில் திரைக்குரிய அமைப்பில் இதைக் காணலாம். மாலையில் இருளும் காலையில் ஒளியும் தாமே மாறும்படி நேரம் குறித்து வைக்கவும் இயலும். வேர்டு செயலியில் பக்கத்தையே கருமையாக்கித் தட்டெழுதினாலும், அலுவலகக் கடிதத்தை அச்சிடும்போது கருமை தாளில் ஏறாது. வெண்டாளில் கரிய எழுத்தாகவே அது வெளிவரும்.