துங்கபத்திரைக் கரையில் ஒரு தலைநகரம்



பழைய தலைநகரைக் காணச் செல்பவர் பெரும்பாலும் அரண்மனையைத் தேடியே முதலில் நடப்பர். விஜயநகரத்தைக் காணச் செல்லும் உங்களுக்கு நான் கூறுவது வேறு: முதலில் ஆற்றைப் பாருங்கள்.

கர்நாடக மாநிலத்தில், ஹொசப்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் ஹம்பி என்னும் சிற்றூர் இருக்கிறது. விஜயநகரம் நின்ற இடம் அதுவே. பாறைகளுக்கிடையே துங்கபத்திரை விரைந்தோடுகிறது. எங்கு நோக்கினும் உருண்டு திரண்ட கற்குன்றுகள். 1336-ஆம் ஆண்டில் ஹரிஹரரும் புக்கரும் நகரை நிறுவினர் என்பது மரபு. அவர்கள் இவ்விடத்தைத் தேர்ந்த காரணம், அங்கு நின்று பார்த்தாலே விளங்கும். ஆறு ஒருபுறம் அகழியாயிற்று. குன்றுகள் மதிலுக்குத் துணையாயின.

ஆனால், அரண் மட்டும் இருந்தால் நகரம் வாழுமா? மழை குறைந்த பகுதி அது. பெருந்திரளான மக்களுக்குச் சோறும் நீரும் வேண்டுமல்லவா? அதற்கெனவே ஆற்றில் அணைக்கட்டுகள் எழுந்தன. வயல்களுக்குக் கால்வாய்கள் சென்றன. கற்களின்மேல் உயர்த்தி அமைத்த நீரோடை அரண்மனைப் பகுதிக்கு நீர் கொணர்ந்தது. அங்கே 1980-களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட படிக்கட்டுக் குளத்தை இன்றும் காணலாம்.

கிருஷ்ணதேவராயர் ஆண்ட காலத்தில் (1509–1529) நகரம் பெருஞ்சிறப்புற்றது. 1520-ஆம் ஆண்டையொட்டி வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், அது ரோமாபுரியளவு பெரிதாகத் தோன்றியது என்று எழுதினார். ஏரி ஒன்று வெட்டப்படுவதையும் அவர் கண்டார். 15,000 முதல் 20,000 பேர் எறும்புகளைப்போல் மொய்த்து உழைத்தனர் என்கிறார். மன்னரின் பெயரை நாம் பாடநூலில் படிக்கிறோம். அவ்வுழைப்பாளருள் ஒருவர் பெயரையேனும் பயஸ் நமக்குக் கூறிச் செல்லவில்லை.

1565-இல் தலைக்கோட்டைப் போர் மூண்டது. தக்காணச் சுல்தான்களின் கூட்டுப்படை வென்றது, இராமராயர் மாண்டார். அரச குடும்பம் பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்தது. காப்பாரற்ற நகரம் பல மாதங்கள் சூறையாடப்பட்டது. மரத்தால் எழுப்பிய அரண்மனைகள் அழிந்தன. அவற்றின் கல் அடித்தளங்களே எஞ்சியுள்ளன.

ஆயினும், எல்லாம் மடிந்துவிடவில்லை. விரூபாட்சர் கோயிலில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. அதற்கும் அரண்மனைப் பகுதிக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில், துருத்துக் கால்வாய் என வழங்கும் பழைய கால்வாய் இன்றும் ஓடுகிறது. அதன் நீரில் நெல் விளைகிறது. வாழை குலை தள்ளுகிறது. 1953-இல் மேற்கே பெரிய அணை எழுந்த பின்னரும் அக்கால்வாய் கைவிடப்படவில்லை.

விஜயநகரம் 1565-இல் அழிந்தது என்று தேர்வுத்தாளில் எழுதுகிறோம். நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்வேன். அழிந்தது தலைநகரம், அரசு வேறிடத்தில் மேலும் பல்லாண்டு நீடித்தது, பெயரறியா மக்கள் வெட்டிய கால்வாயோ இன்றும் உழவருக்குப் பயன்படுகிறது. ஹம்பிக்குச் செல்வீராயின், கல் தேரைக் கண்டு மகிழுங்கள். பின்னர் அக்கால்வாயின் கரையிலும் சிறிது தூரம் நடந்து வாருங்கள்.