மரத்தூளும் ஒரு பிடி கஞ்சியும்



2022 இல் கேஸும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை என்றானபோது நம்மில் பலர் விறகு தேடி அலைந்தோம். அதே நாட்களில் மரக்காலைகளில் மரத்தூள் குவிந்து கிடந்தது. தூளை அப்படியே அடுப்பில் போட்டால் புகைதான் மிஞ்சும். அதைக் கட்டியாக்க வேண்டும், கட்டி உதிராமலும் இருக்க வேண்டும். இந்தப் பிரச்சினையை உலகம் எப்படித் தீர்த்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

1920களில் ஹென்றி ஃபோர்டின் கார்களில் மரப்பாகங்கள் நிறைய இருந்தன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அவருக்குச் சொந்த மர ஆலையே இருந்தது. அங்கே மிஞ்சிய துண்டுகளையும் தூளையும் வீசாமல் கரியாக்கினார்கள். பிறகு அதைப் பொடித்து, சோள மாவுப் பசை சேர்த்துக் கட்டிகளாக அழுத்தினார்கள். இந்த முறையை உருவாக்கியவர் ஓரகன் பல்கலைக்கழக இரசாயனவியலாளர் ஓரின் ஸ்டாஃபோர்ட். கார் விற்ற முகவர்களே கரிக்கட்டியும் விற்றார்கள்.

1930களில் ஐடஹோ மாநிலத்தில் வேறொரு வழி பிறந்தது. அங்கே கரியாக்காத மரத்தூளை, பசையே சேர்க்காமல், இயந்திரத்தில் பலமாக அழுத்தி விறகுக்கட்டை செய்தார்கள். மரத்துக்குள்ளேயே லிக்னின் என்ற இயற்கைப் பசை இருக்கிறது. அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் அது இளகி, ஆறியதும் இறுகிவிடும். கரியாக்கினால் இந்தப் பசை அழிந்துவிடும். ஃபோர்டின் கரிக்கு மாவு தேவைப்பட்டது அதனால்தான்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் கால்நடைத் தீவனக் குளிகை செய்யும் இயந்திரத்திலேயே மரத்தூள் குளிகைகள் செய்யத் தொடங்கினார்கள். லிக்னின் மட்டும் போதாத இடத்தில் மரவள்ளி, சோளம், உருளைக்கிழங்கு மாவு கொஞ்சம் சேர்த்தார்கள். இன்றைய ஐ.எஸ்.ஓ. தரத்தில் இப்படிச் சேர்ப்பவை 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உறுதியைச் சோதிக்க 500 கிராம் குளிகைகளைப் பெட்டியில் போட்டு 500 தடவை சுழற்றுவார்கள். 2014 தரத்தின்படி உயர்ந்த வகைக் குளிகைகளில் 97.5 சதவீதமாவது உதிராமல் நிற்க வேண்டியிருந்தது. உதிர்ந்த தூள் அடுப்பை அடைக்கும், புகையையும் கூட்டும்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? பெரிய இயந்திரம் நம்மிடம் இல்லை. ஆனால் சிரட்டைக்கரித் தூள் இருக்கிறது, கஞ்சியும் இருக்கிறது. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்தால் ஒட்டாது, காய்ச்சிக் கூழாக்கினால்தான் பசையாகும். கட்டிகளை நன்றாகக் காயவைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் படாமல் மூடி வைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பசை மறுபடி இளகிவிடும்.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம். மரவள்ளி பலருக்கு ஒரு நேரச் சாப்பாடு. அடுப்புக்காக அந்த மாவை எடுப்பது நமக்குச் சரியாகப் படவில்லை. வீணாகக் கொட்டும் சோற்றுக் கஞ்சியை வற்றக் காய்ச்சிப் பார்க்கலாம். வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், அதை அடுக்களையிலும் செய்து காட்டலாம்.

ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். எவ்வளவு தூளுக்கு எவ்வளவு கஞ்சி, எத்தனை நாள் வெயில் என்று சொன்னால் எல்லோருக்கும் உதவும், இன்ஷா அல்லாஹ்.